நடியாத், சௌரி சௌரா, பட்காம்: தப்பை ஒத்துக்கொண்ட காந்தி ஜெயித்தாரா, தோற்றாரா?

பழைய பேப்பர் (இழையைத் தொடங்கியவர்)

காந்தி பேரை எடுத்தாலே இங்கே இரண்டு கோஷ்டி ஆகிவிடும் என்று தெரியும். மகாத்மாவா இல்லையா என்ற பஞ்சாயத்து எனக்கு வேண்டாம். "என் கணக்கு தப்பிவிட்டது" என்று ஊரறியச் சொல்லிவிட்ட ஒருவரால், அதே காரியத்தை விடாமல் கொண்டு செலுத்த முடியுமா? இது ஒன்றுதான் கேள்வி. அதற்கு அவரை விடப் பொருத்தமான ஆள் எனக்குத் தெரியவில்லை. ஒரு தடவை இல்லை, பல தடவை அப்படிச் சொன்னவர்.

1919-லிருந்து ஆரம்பிக்கிறேன். விசாரணையில்லாமல் சிறையில் அடைக்க வழிசெய்த ரௌலட் சட்டம் வந்த நேரம். அந்த மார்ச்சில் சென்னையில், கதீட்ரல் ரோட்டில் ராஜாஜி குடியிருந்த வீட்டில் தங்கியிருந்தபோதுதான் நாடு பூராவும் ஒரு நாள் வேலைநிறுத்தம், உபவாசம் என்ற யோசனை அவருக்கு வந்தது. விடியற்காலையில் தூக்கமும் விழிப்புமாக இருந்தபோது தோன்றியதாக அவரே எழுதியிருக்கிறார். ஏப்ரல் 6 அன்று நடந்தது. இவ்வளவு பெரிதாக நடக்கும் என்று யாரும் நினைக்கவில்லை.

நாலே நாளில் எல்லாம் தலைகீழ். டெல்லிக்கும் பஞ்சாபுக்கும் கிளம்பியவரைப் பல்வலில் மடக்கி, பம்பாய்க்குத் திருப்பிக் கொண்டுவந்து விட்டார்கள். அகமதாபாத்தில் மில் தொழிலாளர்கள் கொதித்துவிட்டார்கள். அவர்கள் தலைவி அனசூயா சாராபாயையும் பிடித்துவிட்டார்கள் என்று வதந்தி வேறு. நடியாத் பக்கம் தண்டவாளத்தைப் பெயர்க்கப் பார்த்தார்கள். வீரம்காமில் ஓர் அரசு அதிகாரியைக் கொன்றார்கள். காந்தி அகமதாபாத் வந்து மூன்று நாள் உண்ணாவிரதம் இருந்தார். ஏப்ரல் 18 அன்று சட்டமறுப்பை நிறுத்திவைத்தார்.

நடியாத் இருப்பது கேடா மாவட்டத்தில். முந்தின வருஷம்தான் அதே மாவட்டத்தில் வரிகொடா சத்தியாக்கிரகம் நடத்தியிருந்தார். இவர் பழக்கிவிட்ட ஜனங்கள் என்று நினைத்திருந்த இடம். அங்கே நின்றுகொண்டுதான், பக்குவப்படாத ஜனங்களைச் சட்டத்தை மீறச் சொன்னது என் இமாலயத் தவறு என்றார். ஊரே சிரித்தது.

அதற்கு அவர் சொன்ன விளக்கம் எனக்குப் பிடிக்கும். யோக்கியன் ஒருத்தன் திருட மாட்டான், சட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும். ஆனால் அதே யோக்கியன் ராத்திரியில் விளக்கில்லாமல் சைக்கிள் ஓட்டுவான், அதற்காகக் கொஞ்சமும் வருத்தப்பட மாட்டான். போலீஸ் பிடிக்குமே என்ற பயத்தில் மட்டும் விளக்கு ஏற்றுகிறவனுக்குக் கெட்ட சட்டத்தை மீறும் தகுதி இன்னும் வரவில்லை என்பது அவர் கட்சி.

தன் பிழையைப் பூதக்கண்ணாடி வைத்தும், அடுத்தவன் பிழையை அதற்கு நேர்மாறாகவும் பார்த்தால்தான் சரியான அளவு தெரியும் என்றும் எழுதுகிறார். அது சரிதானா? இல்லை, பூதக்கண்ணாடியில் பார்த்துப் பார்த்தே 1922-ல் சௌரி சௌராவுக்குப் பிறகு, கையில் இருந்த ஒத்துழையாமை இயக்கத்தைக் கோட்டைவிட்டாரா? சொல்லுங்கள்.

சிவப்புத் துண்டு

தோழர், நல்ல கேள்வி. ஆனா கடைசி வரியில வச்சிருக்கற சௌரி சௌராவைத்தான் முதல்ல பேசணும். 1919-ல நிறுத்தினது சின்ன விஷயம். 1922-ல ஆயிரக்கணக்கான பேர் ஜெயில்ல. காலேஜை விட்டவன், கோர்ட்டை விட்டவன், வேலையை விட்டவன் எல்லாம் தெருவுல. வைஸ்ராய் ரீடிங்குக்கு ஏழு நாள் கெடு வச்சு பிப்ரவரி 1 அன்னிக்குக் கடிதம் போயாச்சு. குஜராத்துல பர்தோலி தாலுகா வரிகொடா இயக்கத்துக்குத் தயாரா நிக்குது. கோரக்பூர் பக்கம் ஒரு போலீஸ் ஸ்டேஷன் எரிஞ்சதும் மொத்தத்தையும் இழுத்து மூடிட்டாரு.

"தன் தப்பை ஒத்துக்கிட்டாரு"ன்னு அதுக்குப் பேர் வைக்கிறது எனக்கு உறுத்துது. போராட்டத்தை நிறுத்தி காங்கிரஸ் காரியக்கமிட்டி போட்ட பர்தோலித் தீர்மானத்தை எடுத்துப் படிங்க. அகிம்சை மட்டுமா பேசுது? ஜமீன்தாருக்குக் கட்ட வேண்டிய வாரத்தை (குத்தகையை) நிறுத்தாதீங்கன்னு குடியானவனுக்குப் புத்தி சொல்லுது. ஜமீன்தார்களோட சட்டப்படியான உரிமையில கைவைக்கிற எண்ணம் காங்கிரசுக்கு இல்லைன்னு அவங்களுக்கு உத்தரவாதம் கொடுக்குது. ஸ்டேஷனை எரிச்சதுக்கும் ஜமீன்தார் வாரத்துக்கும் என்ன சம்பந்தம்? மனசாட்சி பேசிச்சுன்னா அது ஏன் நிலக்காரன் பாஷையில பேசிச்சு?

ரெண்டாம் ஷிப்ட்

வரலாறு எனக்கு அவ்வளவா தெரியாது. யூனியன் வேலை தெரியும். தலைவர் மேடையில "நாங்க அவசரப்பட்டுட்டோம்"னு ஒரு வார்த்தை சொன்னா போதும், மறுநாள் காலையில அது நோட்டீஸ் போர்டுல ஒட்டியிருக்கும், கீழ மேனேஜர் கையெழுத்தோட. அடுத்த பேச்சுவார்த்தையில அதையே எடுத்து நம்ம மூஞ்சியில காட்டுவான். வெள்ளைக்காரன் மட்டும் சும்மா விட்டானாக்கும்?

மணிமுத்தாறு

ரெண்டாம் ஷிப்ட் கேட்டதற்குப் பதில் வரும். அதற்கு முன் சௌரி சௌராவில் நடந்ததைக் கொஞ்சம் வரிசையாக வைத்துவிடுகிறேன். "ஒரு ஸ்டேஷன் எரிந்தது" என்று ஒரு வரியில் போவதும் தப்பு, "வெறிபிடித்த கும்பல்" என்று ஒரு வரியில் போவதும் தப்பு.

தொண்டர்கள் சந்தையில் கள்ளுக்கடை, சாராயக்கடை மறியலும், விலையைக் கட்டுப்படுத்தச் சொல்லிக் கிளர்ச்சியும் செய்துகொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவர் பட்டாளத்திலிருந்து பென்ஷன் வாங்கி வந்தவர். அவரை ஸ்டேஷன் சப்-இன்ஸ்பெக்டர் அடித்துவிட்டார். "எதற்கு அடித்தாய்" என்று கேட்கத்தான் பிப்ரவரி 4 அன்று பெரும் கூட்டம் ஸ்டேஷன் வழியாகப் போனது. தகராறு முற்றியது, கல் பறந்தது, போலீஸ் சுட்டது, கூட்டத்தில் ஆட்கள் விழுந்தார்கள். தோட்டா தீர்ந்து போலீஸ்காரர்கள் உள்ளே ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினார்கள். இருபதுக்கும் மேற்பட்ட போலீஸ்காரர்கள் செத்தார்கள். கூட்டத்தில் காந்திக்கு ஜே போட்டுக்கொண்டுதான் இது நடந்தது. அவருக்குத் தைத்தது அதுதான்.

பதினொன்று, பன்னிரண்டாம் தேதிகளில் பர்தோலியில் காரியக்கமிட்டி கூடி நிறுத்தியது. ஐந்து நாள் உண்ணாவிரதம் இருந்தார். பிறகு தன் பத்திரிகையில் ஒரு கட்டுரை எழுதினார். அதில் கடவுள் தனக்குக் கொடுத்த எச்சரிக்கைகளை வரிசைப்படுத்துகிறார். முதலாவது 1919. அடுத்தது 1921 நவம்பர் 17, வேல்ஸ் இளவரசர் பம்பாயில் இறங்கியபோது நடந்த கலவரம். பார்சிகளையும் கிறிஸ்தவர்களையும் அடித்தார்கள். அப்போதும் உண்ணாவிரதம் இருந்தார், பர்தோலியைத் தள்ளிப்போட்டார். மூன்றாவது நம்ம ஊர். 1922 ஜனவரியில் இளவரசர் சென்னைக்கு வந்தபோதும் கலாட்டா நடந்தது. சென்னை எச்சரித்தது, நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை என்று எழுதுகிறார்.

சென்னைக் கலாட்டா நடந்து மூன்று வாரத்துக்குள்தான் வைஸ்ராய்க்குக் கெடு வைத்த கடிதம் போகிறது. கோரக்பூர்க்காரர்கள் செய்தது ஒரு பக்கம் இருக்கட்டும், சென்னையைப் பார்த்த பிறகும் நான் ஏன் நிற்கவில்லை என்பதுதான் அவர் தன் மேல் வைக்கிற குற்றச்சாட்டு. நிலக்காரன் கதையை மட்டும் சொன்னால் இந்தப் பகுதி விட்டுப்போகும், தோழர். உங்கள் தீர்மான வாசகங்கள் இருப்பது உண்மை, மறுக்கவில்லை. இரண்டும் ஒரே ஆளுக்குள் இருந்திருக்கின்றன.

நூல்கண்டு

எல்லாரும் அவர் மனசுக்குள்ள என்ன நடந்ததுன்னே பேசறீங்க. சௌரி சௌராக்காரங்களுக்கு என்ன நடந்தது?

225 பேர் மேல கேஸ். செஷன்ஸ் கோர்ட் 172 பேருக்குத் தூக்குன்னு தீர்ப்பு எழுதிச்சு. ஒரே தீர்ப்புல! அலகாபாத் ஹைகோர்ட்டுல மதன் மோகன் மாளவியா வந்து வாதாடினார். வக்கீல் தொழிலை எப்பவோ விட்டவர், இதுக்காகத் திரும்ப கவுன் மாட்டினார். கடைசியில 19 பேரைத் தூக்குல போட்டாங்க, 1923-ல. நூறு பேருக்கு மேல ஆயுள் தண்டனை.

அதே கட்டுரையில காந்தி அவங்களுக்கு என்ன சொன்னார்னும் எழுதுங்க மணிமுத்தாறு சார். தப்பு செஞ்சவங்க தாங்களாவே போய் சர்க்கார்கிட்ட ஒப்படைச்சு, ஒளிக்காம ஒத்துக்கணும்னார். அவர் ஒத்துக்கிட்டா அஞ்சு நாள் பட்டினி. அவங்க ஒத்துக்கிட்டா கயிறு. பூதக்கண்ணாடி தன் தப்புக்குன்னு சொன்னாரே, அடுத்தவங்க தப்பைச் சின்னதாக்கிப் பாக்கணும்னும் சொன்னாரே, அந்தக் கண்ணாடி அன்னிக்கு எங்க போச்சு?

பெரிய மனுஷன் தன் தப்பைச் சொல்றது அழகாத்தான் இருக்கும். விலையை யார் கொடுத்தாங்கன்னு பாத்துட்டுக் கைதட்டலாம்.

வாத்தியார்

நூல்கண்டு அம்மாவின் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. நான் சொல்ல வந்தது வேறு.

அன்றைக்கே கூட இருந்தவர்கள் யாரும் இதை ரசிக்கவில்லை. மோதிலால் நேரு லக்னோ சிறையிலிருந்து கேட்ட கேள்வி நமக்கு நெருக்கமானது. கன்னியாகுமரியில் ஒரு கிராமம் அகிம்சை தவறினால் இமயமலை அடிவாரத்தில் இருக்கிற ஊருக்கு எதற்குத் தண்டனை என்றார். லாலா லஜபதி ராய்க்கும் கோபம். சுபாஷ் போஸ் பிற்பாடு இதைத் தேசத்துக்கு நேர்ந்த பேரிடர் என்றே எழுதினார். ஜவஹர்லாலுக்கு அப்போது வயது முப்பத்திரண்டு. ஏதோ ஒரு மூலையில் யாரோ ஆத்திரப்பட்டால் நின்றுவிடும் போராட்டம் எப்படி ஜெயிக்கும் என்று குழம்பினார்.

அவருக்குக் காந்தி எழுதிய பதிலில் கவனிக்க ஒன்று உண்டு. நிறுத்தியிராவிட்டால் நாம் நடத்திக்கொண்டிருப்பது சாராம்சத்தில் ஒரு வன்முறைப் போராட்டமாகவே இருந்திருக்கும் என்கிறார். அவர் கையில் சௌரி சௌரா மட்டும் இல்லை. கல்கத்தா, அலகாபாத், பஞ்சாப் பக்கமிருந்தெல்லாம் தொண்டர்கள் கட்டுமீறிப் போவதாகக் கடிதம் வந்துகொண்டிருந்தது. வெளியே இருந்தவர் அவர், மற்ற பெரியவர்கள் உள்ளே. உள்ளே இருப்பவர்களுக்கு இயக்கம் அவர்கள் விட்டுவந்த மாதிரியே இருப்பதாகத் தோன்றும். பொதுக்காரியத்தில் இறங்கியவர்களுக்கு இது தெரியும்.

பழைய பேப்பர்

ரெண்டாம் ஷிப்ட் அண்ணே, உங்கள் நோட்டீஸ் போர்டு விஷயம் அப்படியே நடந்தது.

மார்ச் 10 ராத்திரி கைது. 18-ஆம் தேதி அகமதாபாத்தில் விசாரணை. எழுதிய கட்டுரைகளுக்காக ராஜத்துரோக வழக்கு. அட்வகேட் ஜெனரல் எழுந்து, பம்பாய், சென்னை, சௌரி சௌரா எல்லாவற்றையும் அடுக்கினார். அகிம்சை அகிம்சை என்று பேசி விளைந்தது இதுதான் என்றார். இவர் தானே எழுதிக் கொடுத்த ஒப்புதலை இவர் மேலேயே எறிந்தார்கள்.

காந்தி என்ன செய்தார்? அட்வகேட் ஜெனரல் சொல்வது முழுக்கச் சரி என்று தொடங்கினார். பம்பாய்க்கும் சென்னைக்கும் சௌரி சௌராவுக்கும் நான் பொறுப்பில்லை என்று தப்பித்துக்கொள்ள முடியாது, படித்தவன், உலகம் தெரிந்தவன், என் செயலின் விளைவு எனக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்றார். நெருப்போடு விளையாடுகிறேன் என்று தெரிந்தே விளையாடினேன், என்னை விடுதலை செய்தால் மறுபடியும் அதையே செய்வேன் என்றார். சட்டத்தில் இருக்கிற அதிகபட்சத் தண்டனையைக் கேட்டார்.

நீதிபதி புரூம்ஃபீல்ட், திலகருக்குக் கொடுத்ததையே அளவாக வைத்து ஆறு வருஷம் போட்டார். பிற்பாடு சர்க்கார் இதைக் குறைத்து உங்களை விட்டால் என்னைவிடச் சந்தோஷப்படுகிறவன் இருக்க மாட்டான் என்றும் சேர்த்துக்கொண்டார். இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருவார்.

ஒத்துக்கொண்டதை எதிராளி எடுத்துக் காட்டினால் பதறுகிறவன், அரைமனசாக ஒத்துக்கொண்டவன். முழுசாக ஒத்துக்கொண்டவனை எதைக் காட்டி மிரட்டுவது?

நூல்கண்டு

ஒரு நிமிஷம். "தப்பு பண்ணிட்டேன்"ங்கறார். "விட்டா மறுபடி அதையே பண்ணுவேன்"ங்கறார். இது எந்த ஊர் ஒப்புதல்? என் பையன் இப்படிச் சொன்னா ரெண்டு போடுவேன்.

சிவப்புத் துண்டு

நூல்கண்டு அக்கா கேட்டதுக்கு மேல நான் கேக்க ஒண்ணும் இல்ல. 👏

மட்டுறுத்துநர்

நடுவில் வந்த இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். காந்தியைப் பிடிக்கவில்லை என்று எழுதலாம், சக உறுப்பினரின் சாதியைக் கேட்டு எழுதக் கூடாது. தொடருங்கள்.

மணிமுத்தாறு

நூல்கண்டு பிடித்த முரண்பாடு நிஜமானது. அதைச் சமாளிக்க வார்த்தை விளையாட்டு வேண்டாம். அதற்கு அவர் கோர்ட்டில் பதில் சொல்லவில்லை. எட்டு வருஷம் கழித்துச் செய்து காட்டினார் என்று நினைக்கிறேன்.

1919-ல் ஜனங்களைப் பக்குவப்படுத்தாமல் இறக்கிவிட்டது தப்பு என்றார் இல்லையா, உடனே பம்பாயில் தொண்டர்களைச் சேர்த்துச் சத்தியாக்கிரகம் என்றால் என்ன என்று சொல்லிக்கொடுக்கப் பார்த்தார். ஆள் வரவில்லை. வந்தவர்களும் கழன்றுகொண்டார்கள். அதையும் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். அப்புறம் கிலாபத் (துருக்கி கலீபாவுக்காக முஸ்லிம்கள் நடத்திய இயக்கம்), ஒத்துழையாமை என்று வேகம் பிடித்தது, மறுபடி பக்குவப்படாத கூட்டம், மறுபடி சௌரி சௌரா. அதாவது 1919-ல் தப்பைக் கண்டுபிடித்தார், திருத்தவில்லை. 1922-ல் இரண்டாவது தடவை அதே குழியில் விழுந்தார்.

1930-ல் என்ன மாறியது பாருங்கள். உப்பை எடுக்கக் கிளம்பும்போது, வா என்றால் லட்சம் பேர் வருவார்கள். ஆசிரமத்தில் வருஷக்கணக்கில் பழகிய ஆட்களில் 78 பேரை மட்டும் பொறுக்கினார். பிரார்த்தனை, நூற்பு, நாட்குறிப்பு எல்லாம் தினப்படி கட்டாயம். மார்ச் 12-ல் சபர்மதியில் கிளம்பி, தண்டிக் கடற்கரையில் உப்பை எடுக்கத் தேர்ந்தெடுத்த நாள் ஏப்ரல் 6. 1919-ல் எந்தத் தேதியில் ஆரம்பித்துத் தப்பிப்போனதோ, அதே தேதி.

பலருக்குத் தெரியாத இடம் வழியில் இருக்கிறது. சூரத் மாவட்டத்தில் பட்காம் என்று ஒரு கிராமம். மார்ச் 29 ராத்திரி அங்கே கூட்டம். ஜனங்கள் சர்க்காரைத் திட்டப்போகிறார் என்று உட்கார்ந்திருக்க, அவர் தன் ஆட்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தார், தன்னையும் சேர்த்து.

யாத்திரைக்கு ராத்திரி வெளிச்சம் காட்ட கிட்ஸன் விளக்கு ஏற்பாடு செய்திருந்தார்கள். நம்ம ஊர்க் கல்யாண ஊர்வலத்துக்குத் தலையில் தூக்கிவருவார்களே, அந்த மாதிரி கனமான விளக்கு. ஒரு கூலியாள் தலையில் முக்காலியை வைத்து, அதன்மேல் விளக்கை ஏற்றி, "சீக்கிரம் நட, சீக்கிரம் நட" என்று பின்னால் ஒருத்தர் விரட்டிக்கொண்டு வந்திருக்கிறார். காந்திக்குப் பொறுக்கவில்லை. கூலியில்லாமல் வெட்டிவேலை வாங்குகிறது என்று சர்க்காரைத் திட்டுகிறோமே, இது வெட்டி இல்லாமல் வேறென்ன என்று அந்தக் கூட்டத்திலேயே கேட்டார். சூரத்திலிருந்து லாரி வைத்துப் பாலும் காய்கறியும் வந்த கதையையும் போட்டு உடைத்தார்.

அந்த மாதத் தொடக்கத்தில்தான் வைஸ்ராய் இர்வினுக்குக் கடிதம் எழுதியிருந்தார். உமக்கு மாதம் 21,000 ரூபாய் சம்பளம், இந்தியனின் சராசரி வருமானத்தைப் போல ஐயாயிரம் மடங்குக்கு மேல் என்று அதில் கணக்குப் போட்டிருந்தார். பட்காமில் அந்தக் கணக்கைத் தன் பக்கம் திருப்பினார். நான் சாப்பிடுவதே சராசரிக்கு ஐம்பது மடங்கு இருக்குமே, அந்தக் கடிதத்தை எழுத எனக்கு என்ன யோக்கியதை என்றார்.

பேசி முடித்தார். மறுநாள் நடந்தார்கள்.

யாத்திரையை நிறுத்தவில்லை, உண்ணாவிரதம் இல்லை. கண்ட தப்பை அன்றைக்கே, அந்த ஊரிலேயே சொல்லியாயிற்று. 1922-ல் தெரியாத வித்தை இது. ஆளும் சிறிய கூட்டம், தப்பும் கைக்கெட்டுகிற தப்பு என்பதால் முடிந்தது. அதற்காகத்தான் 78 பேர் என்று நான் படித்துக்கொள்கிறேன்.

கோடிக்கரை

வேதாரண்யம் பேரைச் சொல்லாம இந்த இழை முடியக் கூடாதுன்னு காத்துக்கிட்டு இருந்தேன் 🙂

இங்கேயும் அதே ஏற்பாடுதான். ஏப்ரல் 13, சித்திரை ஒண்ணாந்தேதி, திருச்சியில டி.எஸ்.எஸ். ராஜன் வீட்டுலேருந்து ராஜாஜி கிளம்புறாரு. வர்றேன்னு நின்னவங்க எத்தனையோ பேரு. ஏறத்தாழ நூறு பேரைத்தான் பொறுக்கி எடுத்தாரு. தஞ்சாவூர் கலெக்டர் தார்ன், தொண்டர்களுக்குச் சோறு போட்டா, திண்ணையில படுக்க விட்டா ஜெயில்னு தண்டோரா போடாத குறை. எங்க பக்கத்து ஜனங்க என்ன பண்ணாங்க தெரியுமா? சோத்தைப் பொட்டலமா கட்டி, போற வழியில மரக்கிளையில தொங்கவிட்டுட்டாங்க. யாரு போட்டாங்கன்னு கலெக்டர் மரத்தைத்தான் கேக்கணும்.

ஏப்ரல் 28 வேதாரண்யம் வந்தாங்க. 30-ஆம் தேதி உப்பு எடுத்தாங்க, ராஜாஜி கைது. அப்புறம் எத்தனை தடியடி! சர்தார் வேதரத்தினம் பிள்ளை சொத்தையெல்லாம் பிடுங்கினாங்க. அவ்வளவு அடியிலேயும் எங்க ஊர்ல ஒரு போலீஸ்காரன் மேலயும் கல்லு விழலன்னு பெரியவங்க சொல்லித்தான் நாங்க வளந்தோம். சவரத்துக்கு வந்து உக்காந்தவன் போலீஸ்காரன்னு தெரிஞ்சதும் பாதியிலேயே கத்தியை வச்சுட்ட நாவிதரோட கதைதான் இங்க அதிகபட்ச வன்முறை. அவருக்கு ஊர்ல நினைவுத்தூணே இருக்கு. ராஜாஜியைப் பத்தி எனக்கு வேற நூறு குறை உண்டு. ஆனா ஆளைப் பொறுக்கி எடுத்த விஷயத்துல அவரு கணக்கு சரி.

சிவப்புத் துண்டு

பட்காம் எனக்குப் புதுசு. விளக்குத் தூக்கின கூலியாளைப் பாத்த கண்ணை நான் மதிக்கிறேன்.

ஆனா மணிமுத்தாறு ஒரு இடத்தைத் தாண்டிக் குதிச்சுட்டார். 1930 ஏப்ரல் 18-ல சிட்டகாங்கில ஆயுதக் கிடங்கைத் தாக்கினாங்க. மே மாசம் சோலாப்பூர்ல ஜவுளித் தொழிலாளிகள் ஊரையே கையில எடுத்துக்கிட்டாங்க, போலீஸ்காரங்க செத்தாங்க. சௌரி சௌரா அளவுகோல்படி பாத்தா ரெண்டு தடவை நிறுத்தியிருக்கணும். நிறுத்தல. அங்கங்க வன்முறை நடந்தாலும் இந்தத் தடவை போராட்டம் நிக்காதுன்னு கிளம்பறதுக்கு முன்னாடியே சொல்லிட்டார். மோதிலால் 1922-ல கேட்டதை 1930-ல இவரே ஏத்துக்கிட்டார்னு அர்த்தம்.

அப்ப 1922-ல நிறுத்தினது தப்புன்னு ஒரு வரி எழுதினாரா? இல்லையே. அதைச் சரின்னேதான் பேசிக்கிட்டு வந்தார். கூலியாள் விளக்கைப் பத்தி ஊர் கூட்டிச் சொல்ற மனுஷன், நாட்டோட முதுகெலும்பை முறிச்ச முடிவைப் பத்தி வாய் திறக்கல. சின்னத் தப்பை ஒத்துக்கறது சுலபம், தோழர்.

பழைய பேப்பர்

இது பலமான வாதம். முழுசாக மறுக்க என்னால் முடியாது. 1930-ல் வழியை மாற்றினார், மாற்றியதற்குக் கணக்குக் காட்டவில்லை. நூல்கண்டு சொன்ன 19 பேர் கணக்கும் அப்படியே நிற்கிறது.

ஆனால் 1922-ல் நிறுத்தியதோடு முதுகெலும்பு முறிந்தது என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. காரணம் பர்தோலி. வரிகொடா இயக்கத்துக்குத் தயாராக நின்று, கடைசி நிமிஷத்தில் கையைக் கட்டிப்போட்ட தாலுகா. அங்கே இருந்தவர்களுக்குத்தான் மற்ற எல்லாரையும் விட அதிக ஏமாற்றம் இருந்திருக்க வேண்டும். அவர்கள் என்ன செய்தார்கள்? கதர், மது ஒழிப்பு, பள்ளிக்கூடம், ஆதிவாசிகள் மத்தியில் ஆசிரமம். சலிப்பூட்டுகிற வேலை. ஒரு பத்திரிகையும் தலைப்பு போடாது. ஆறு வருஷம் அதைச் செய்தார்கள்.

1927-ல் பம்பாய் சர்க்கார் அந்தத் தாலுகாவுக்கு நிலவரியை 22 சதவீதம் ஏற்றியது. 1928-ல் வல்லபாய் பட்டேலைக் கூப்பிட்டார்கள். தாலுகாவை முகாம் முகாமாகப் பிரித்து, முகாமுக்கு ஒரு பொறுப்பாளர், தினமும் செய்தித்தாள், யார் கட்டினான் யார் கட்டவில்லை என்று வீடு வீடாகக் கணக்கு. எருமையை ஜப்தி செய்ய வருகிறான் என்று கொம்பு ஊதினால் ஜனங்கள் மாடுகளோடு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்கள். மாதக்கணக்கில் இப்படி. நிலத்தை ஏலம் விட்டார்கள், பட்டாணியர்களை இறக்கிப் பார்த்தார்கள். இன்னொரு சௌரி சௌரா நடக்கவில்லை. ஆகஸ்டில் சர்க்கார் இறங்கிவந்து விசாரணைக் கமிட்டி போட்டது. அந்தக் கமிட்டி, ஏற்றியது அதிகம், சுமார் 6 சதவீதம் போதும் என்றது.

கமிட்டியில் இரண்டு பேர். ஒருவர் மேக்ஸ்வெல். இன்னொருவர் ஆர்.எஸ். புரூம்ஃபீல்ட். ஆமாம், அதே நீதிபதி.

ஜனங்களைப் பக்குவப்படுத்தாமல் இறக்கிவிட்டேன் என்று நடியாதில் சொன்னதற்கு முதல் விடை தண்டியில் கிடைக்கவில்லை, பர்தோலியில் கிடைத்தது என்பது என் கட்சி. அதை நடத்தியது காந்தி இல்லை, பட்டேலும் அந்த ஊர் ஆண்களும் பெண்களும். இவர் பெரும்பாலும் தள்ளியே நின்றார்.

ரெண்டாம் ஷிப்ட்

வீடு வீடாக் கணக்கு வச்சாங்க பாருங்க, அதான் விஷயம். எங்க பக்கம் ஸ்டிரைக் தோக்கறதே யார் உள்ள போறான், யார் வெளிய நிக்கறான்னு கணக்கு இல்லாமத்தான்.

நூல்கண்டு

பர்தோலிக்காரங்களுக்கு ஆறு வருஷம் கழிச்சு ரெண்டாவது வாய்ப்பு கிடைச்சுது. சௌரி சௌராக்காரங்களுக்கு 1923-லயே முடிஞ்சுபோச்சு. அங்க செத்த போலீஸ்காரங்களுக்குத்தான் முதல்ல நினைவுச்சின்னம் எழுப்பினாங்க. தூக்குல போனவங்களுக்குச் சின்னம் வர சுதந்திரம் வந்தும் பல வருஷம் ஆச்சு. இதையும் இழையில போட்டு வைக்கிறேன், யாரும் பதில் சொல்லணும்னு இல்ல.

சிவப்புத் துண்டு

நூல்கண்டு அக்கா பக்கம்தான் நான் இன்னும். ஆனா அந்த பட்காம் பேச்சு முழுசா வேணும். எங்க கிடைக்கும், மணிமுத்தாறு?

மணிமுத்தாறு

காந்தியின் தொகுக்கப்பட்ட எழுத்துகளில் 43-ஆவது தொகுதி, தோழர். இணையத்திலேயே இலவசமாக இருக்கிறது. பர்தோலித் தீர்மானத்தில் நீங்கள் சொன்ன ஜமீன்தார் பிரிவுகளை அப்படியே இங்கே ஒட்டுங்கள். அதை வைத்துத் தனி இழை போடலாம், இதிலேயே கலந்தால் இரண்டும் கெடும்.